இடப்பக்கமாய் மூன்று சுற்று

கார் டிக்கியிலிருந்து சிவானுஜா பானையை எடுக்கும்போதே பெரியப்பா கையை நீட்டிவிட்டார்.

"விடு பிள்ளை, நிலன் தூக்கட்டும். பொம்பிளைப் பிள்ளையள் குடம் தூக்குற வழக்கம் எங்களிட்டை இல்லை."

"அப்பாவுக்கு நான் ஒருத்திதானே, பெரியப்பா?"

"அதுக்குத்தானே என்ரை பெடியன் நிக்கிறான்."

கனகரத்தினம் பெரியப்பா செத்துப்போன அப்பாவின் அண்ணன். அவரோடு கதைத்து வென்றவர் சுவிஸின் இந்தச் சோலோதுர்ன் நகரில் ஒருவரும் இல்லை. சிவானுஜா பானையைக் கொடுத்தாள். கொடுத்த உடனேயே திருப்பி வாங்க வேண்டும் போலிருந்தது. தகனசாலை மண்டபம் ஒன்றரை மணித்தியாலத்துக்குத்தான் கிடைத்திருந்தது. சண்டை பிடிக்கக்கூட நேரமில்லை.

உள்ளே அப்பா பட்டு வேட்டியோடு பெட்டியில் கிடந்தார். லக்ஷ்மணன், வயது அறுபத்திரண்டு. கராஜ் ஒன்றில் இருபத்தாறு வருடம் டயர் மாற்றியவர். ஞாயிற்றுக்கிழமை என்றால் ஆளே வேறு. எல்லை தாண்டி பிரான்ஸ் பக்கம் போனால், அமெரிக்காக்காரரைப் போல ஸ்டொக் கார் பந்தயம் ஓடுகிற நீள்வட்டத் தடம் ஒன்று உண்டு. பத்தொன்பது வருடம் அதில் ஓடினார். சொந்தக் கார் இல்லை. எந்தக் குழுவின் ஓட்டுநருக்காவது கை முறிந்தால், காய்ச்சல் வந்தால், அப்பாவுக்குப் போன் வரும். மொத்தம் இருநூற்றுப் பதினாலு ஓட்டம். ஒன்றில், ஒன்றிலாவது முதலாவதாக வந்திருக்கலாம். வரவில்லை.

சனம் சும்மா விடுமா? "லக்ஷ்மணன் அண்ணை, போன ஞாயிறு எத்தினையாவது?" என்று கோயில் அன்னதான வரிசையிலும் கேட்பார்கள். அப்பா சிரிப்பார். "பதினொண்டு. கார் முழுசா வந்திட்டுது."

அந்தச் சிரிப்புத்தான் சிவானுஜாவுக்குக் கடைசிவரை விளங்கவில்லை. பத்து வயதிலும் கேட்டாள், இருபத்தைந்திலும் கேட்டாள். "வெல்லாமல் ஏனப்பா ஓடுறியள்?" "கூப்பிடுறாங்கள், போறன்" என்பார். இதெல்லாம் ஒரு பதிலா? போன கிழமை ஆஸ்பத்திரியில் இன்னொருதரம் கேட்க வேண்டும் என்று போனாள். அவர் நித்திரை. எழுப்ப மனம் வரவில்லை.

மண்டப வாசலில் ஊலி நின்றார். அப்பாவோடு ஓட்டங்களுக்குப் போய்வந்த சுவிஸ்கார மெக்கானிக். இரவல் வாங்கியது போன்ற கறுப்புக் கோட், நகத்தில் கிறீஸ். சிவானுஜா அவரிடமும் அதையே கேட்டாள்.

ஊலி ஜெர்மனில் சொன்னார்.

"ஒருதரம் முன்னால் போன இரண்டு காரும் மோதிவிட்டன. நாலு சுற்று உன் அப்பாதான் முதலாவது. பிறகு ஆறாவதாக வந்தார். கார் நின்றும் ஆள் இறங்கவில்லை. என்ன என்று கேட்டேன். 'முன்னால் ஒருவரும் இல்லை, ஊலி. எங்கே பார்ப்பதென்று தெரியவில்லை' என்றார்."

"பயந்திட்டாரோ?"

"நானும் அப்படித்தான் நினைத்தேன். திங்கட்கிழமை காலையிலேயே போன் எடுத்தார். அடுத்த ஞாயிறு ஓட இடம் இருக்கிறதா என்று கேட்டார். அதுவரை அவராக ஒருநாளும் கேட்டதில்லை."

சிவானுஜா இன்னும் கேட்டிருப்பாள். உள்ளே ஐயர் அவசரப்படுத்தினார்.

வாய்க்கரிசி போட்டு முடிந்தது. தரைவிரிப்பில் தண்ணீர் சிந்தக்கூடாது என்று மண்டபக்காரர் சொல்லியிருந்தபடியால் பானையில் கால்வாசித் தண்ணீர்தான். சுற்றுக்கு ஒரு துளையும் போட முடியாது, கத்தியால் தட்டினால் போதும் என்றார் ஐயர். நிலன் பானையைத் தோளில் வைத்தான். பெரியப்பா கத்தியோடு பின்னால் நின்றார். நிலன் இங்கேயே பிறந்து வளர்ந்த பிள்ளை, சுற்றுவதென்றால் அவனுக்குக் கோயில் மட்டும்தான் தெரியும். பெட்டியைச் சுற்றி வலப்பக்கமாக விறுவிறென்று நடந்தான்.

"தம்பி, தம்பி! இடப்பக்கம்! இது கோயில் இல்லை!" என்று ஐயர் பதறினார்.

நிலன் திடுக்கிட்டுத் திரும்பித் தகப்பனோடு மோதினான். தண்ணீர் விரிப்பில் கொட்டியது. பின்வரிசையில் ஊலி தன்னை மறந்து கையை இடப்பக்கம் வீசி, "லிங்ஸ்! லிங்ஸ்!" என்று கத்தினார். அப்பா ஓடிய தடத்திலும் கார்கள் இடப்பக்கம் மட்டுமே திரும்பும்.

முன்வரிசையிலிருந்து அம்மா எழும்பினாள்.

"தம்பி, பானையைத் தங்கச்சியிட்டைக் குடு."

"மனோகரி, வழக்கம் எண்டு ஒண்டு..." என்று பெரியப்பா தொடங்கினார்.

"அவள் அவரின்ரை மகள், அத்தான்."

பெரியப்பா ஒதுங்கி வழிவிட்டார். நிலன் தப்பினேன் என்று பானையைக் கொடுத்தான்.

சிவானுஜா இடப்பக்கமாக நடந்தாள். முதல் சுற்று, பின்னால் கத்தி தட்டியது. இரண்டாவதில் அம்மாவின் முகத்தைப் பார்த்தாள், உடனே பார்வையை எடுத்துக்கொண்டாள். மூன்றாவதில்தான் கவனித்தாள். எல்லாரும் பின்னால். முன்னால் ஒருவரும் இல்லை. எங்கே பார்ப்பதென்று தெரியவில்லை. அழுகை வந்தது. இது இன்னும் கொஞ்சம் இருக்கட்டும் என்றும் இருந்தது.

மூன்றாம் தட்டோடு பெரியப்பா நின்றுவிட்டார். சிவானுஜா நிற்கவில்லை. அப்பாவின் கால்மாட்டில் மறுபடியும் இடப்பக்கம் திரும்பினாள்.

"பிள்ளை, மூண்டு முடிஞ்சுது" என்றார் ஐயர்.

"விடுங்கோ ஐயா" என்று பெரியப்பாவின் குரல் கேட்டது. அவசரமான காலடிகள் அவளுக்குப் பின்னால் வந்து சேர்ந்தன. கத்தி நாலாவது தரமும் பானையில் தட்டியது.