இருப்புப் பதிவேட்டில் ஒரு கணவர்

சிக்கன ஆணை வந்த செவ்வாய்க்கிழமை காலை, அரசுப் பொது மருத்துவமனை பதினோரு சதவீதம் சுருங்கியது. ஆணையில் போட்டிருந்ததும் பதினோரு சதவீதம்தான் என்பதால் யாராலும் குறை சொல்ல முடியவில்லை. இருப்புப் பதிவேட்டில் ஏறி, எண் ஒட்டப்பட்ட எல்லாமே சுருங்கின: சுவர், கதவு, கட்டில், ஆபரேஷன் மேசை. எண் இல்லாத மனிதர்கள் அப்படியே இருந்தார்கள். முதல் வாரம் எல்லோரும் வாசல் நிலையில் மண்டையை இடித்துக்கொண்டார்கள். இரண்டாம் வாரம் குனியப் பழகிவிட்டார்கள். அமைச்சகத்தின் சீர்திருத்தக் குழு வந்து பார்த்தது. நடக்கும் தூரம் குறைந்ததால் ஊழியர்களின் திறன் கூடியிருப்பதாக எழுதிவிட்டு, நெற்றியைத் தடவிக்கொண்டே காரில் ஏறியது.

இதில் வசமாக மாட்டிக்கொண்டது இதயப் பிரிவின் பெரிய சிஸ்டர்தான். அவள் கணவர் பேருந்து ஓட்டுநர்; ஆறேகால் அடி உயரம், பணிமனையில் ஒட்டடைக்குச்சி என்றால்தான் தெரியும். அவர் நெஞ்சில் ஒரு வால்வு ஒழுகிக்கொண்டிருந்தது. ஒன்பது மாதம் காத்திருந்து அவர் முறை வந்த வாரம் பார்த்துத்தானா மேசை சுருங்க வேண்டும்? கால் வெளியே தொங்கும் ஆளுக்கு ஆபரேஷன் செய்ய முடியாது என்று சர்ஜன் கையை விரித்துவிட்டார். தனியாரிடம் கேட்டால் வீட்டை விற்கச் சொன்னார்கள். இருந்ததோ வாடகை வீடு. ஏதாவது வழி பிறக்கும் என்று, வீட்டிலிருந்து கொண்டுவந்த கட்டிலில் அவரை வார்டிலேயே படுக்கவைத்திருந்தாள்.

வழி ஸ்டோர் கீப்பர் ரூபத்தில் வந்தது. எண் இல்லாத பொருளைக் கண்டால் அந்த மனிதருக்குச் சோறு இறங்காது. தணிக்கைக்கு முந்தின நாள் வார்டு வார்டாகப் போனவர், வீட்டுக் கட்டிலில் ஓர் எண்ணை ஒட்டினார். போர்வைக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்த குதிகாலில் இன்னொன்றை ஒட்டினார். ‘ஓட்டுநர், நெட்டை, ஒன்று’ என்று பதிவேட்டில் ஏற்றினார். இத்தனை நாள் ஏன் ஏற்றவில்லை என்று தணிக்கையாளர் குடைந்துவிடக் கூடாதே என்று, வழக்கம்போல் போன வருடத் தேதியைப் போட்டார். ஆணைக்கு முந்தின இருப்பாகிவிட்டதால், மை காய்வதற்குள் ஓட்டுநர் பதினோரு சதவீதம் குறைந்தார். விழித்தவர், கால்சட்டை தரையில் புரள்வதைப் பார்த்துச் சலவைக்காரரைத் திட்டினார். சிஸ்டர் யாரையும் திட்டவில்லை. அளவு நாடாவை எடுத்து அளந்தாள்; மேசைக்குக் கச்சிதம். அன்று மதியமே சர்ஜன் புது வால்வைப் பொருத்தினார்.

வீட்டுக்கு அழைத்துப் போகும்போதுதான் வந்தது வினை. அரசுச் சொத்து வாசலைத் தாண்டக் கூடாது என்று ஸ்டோர் கீப்பர் குறுக்கே நின்றார். பதிவேட்டில் அடித்தல் திருத்தலும் கூடாதாம். இதற்கிடையில் கண்காணிப்பாளர், சின்னச் சுவருக்குச் சுண்ணாம்பும் சின்னப் போர்வைக்குச் சோப்பும் மிச்சமானதைப் பெருமையாக எழுதிப்போட்டுத் தொலைத்தார். இவ்வளவு மிச்சம் பிடிக்கத் தெரிந்தவர்களுக்கு எதற்கு அவ்வளவு பணம் என்று அமைச்சகம் ஒன்றாம் தேதியிலிருந்து இன்னும் ஒன்பது சதவீதத்தை வெட்டியது. சர்ஜன் சிஸ்டரைத் தனியே கூப்பிட்டார். வால்வு இருப்பில் ஏறாத பொருள், அதனால் சுருங்காது. சுற்றியிருக்கும் இதயம் சுருங்கினால் கிழிந்துவிடும் என்றார். இருபத்திரண்டு வருடமாக அந்த மனிதரின் குறட்டையைச் சபித்தவள், அது நின்றுபோய்விடுமோ என்ற பயத்தில் குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டு அழுதாள்.

பிறகு முகம் கழுவிக்கொண்டு விண்ணப்பம் எழுதினாள். பதிவேட்டில் ஏறிய பொருள் வெளியே போக ஒரே வழி, உதவாது என்று கழித்து ஏலம் விடுவதுதான். பழுதின் விவரம் என்ற இடத்தில், ‘சரிசெய்த பிறகும் இரவில் சத்தம் போடுகிறது, சொன்ன பேச்சு கேட்பதில்லை’ என்று நிரப்பினாள். கழிவுக் குழுவின் மூன்று அதிகாரிகளும் மறுபேச்சில்லாமல் கையெழுத்துப் போட்டார்கள்.

மாதக் கடைசி நாள், பதினான்கு உடைந்த சக்கர நாற்காலிகளுக்கு நடுவில் ஓட்டுநரையும் நிறுத்தி ஒரே தொகுதியாக ஏலம் விட்டார்கள். பழைய இரும்பு வியாபாரி ஒரு விலை சொன்னார். சிஸ்டர் ஏற்றிக் கேட்டாள். ஆஸ்பத்திரி ஆளே விடாமல் கேட்டால் உள்ளே ஏதோ சரக்கு இருக்கிறது என்று வியாபாரியும் ஏற்றினார். அவள் சேமிப்பு தீர்ந்தது. வியாபாரி இன்னும் தீரவில்லை.

“விட்டுடும்மா,” என்றார் கணவர் மெதுவாக. “நான் அவ்வளவெல்லாம் தேற மாட்டேன்.”

“உங்க விலை எனக்குத் தெரியும். பேசாம நில்லுங்க.”

தன் ஒரு வருடச் சம்பளத்தையும் சேர்த்துப் பிடித்துக்கொள்ளச் சொன்னாள். வியாபாரி துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு ஒதுங்கினார்.

மறுநாள் காலை மருத்துவமனை ஒன்பது சதவீதம் சுருங்கியபோது இருவரும் எதிரே பேருந்து நிறுத்தத்தில் நின்றிருந்தார்கள். அத்தனை பேர் பார்க்க அவர் நெஞ்சில் காதை வைத்தாள். வால்வு திறந்து மூடியது, திறந்து மூடியது. போதுமா என்று அவர் கூச்சத்தோடு கேட்டார். இன்னும் கொஞ்ச நேரம் என்றாள். போக்குவரத்துத் துறைக்கும் சிக்கன ஆணை போயிருந்ததால், முந்தின நாளைவிடச் சின்னதாக ஒரு பேருந்து வந்து நின்றது. மற்றவர்கள் முழங்கால் தாடையில் இடிக்க உட்கார்ந்தார்கள். அவருக்கு இருக்கை சரியாக இருந்தது. சீட்டு வாங்கிக் கொடுத்துவிட்டு, சாலையைக் கடந்து, நன்றாகக் குனிந்து, அவள் பணிக்குப் போனாள்.