அரை மணிக்கு ஒரு மன்னிப்பு

காலையில் அனுப்பிய மெயில் சாப்பாட்டு நேரத்துக்குள் திரும்பி வந்துவிட்டது. ஸ்பேம் அனுப்பும் சர்வரிலிருந்து வந்ததால் ஏற்க முடியாதாம், ஆங்கிலத்தில் நாலு வரி. சிதம்பரத்தில் நான் வேலை பார்க்கும் ஆஸ்பத்திரியின் ஐசியூ வாசலில் நின்றபடி அதைப் படித்தேன். நானா ஸ்பேம்?

அந்த மெயில் ஜெர்மனியில் ஓர் ஆஸ்பத்திரிக்கு. நர்ஸ் வேலைக்கு எனக்குச் சம்மதம் என்று எழுதியிருந்தேன். நேற்றுத்தான் வேலை தருவதாகச் சொல்லியிருந்தார்கள். இன்று நம் நேரப்படி ஐந்து மணிக்குள் பதில் போகாவிட்டால் இடம் அடுத்தவருக்கு. அவர்களுடைய வயது வரம்பை அடுத்த மாதம் தாண்டிவிடுவேன், அதனால் இன்னொரு தரம் கேட்க முடியாது. டியூட்டி முடிந்து வந்து, கண் சொக்கச் சொக்க ஜெர்மன் படித்ததெல்லாம் இந்த ஒரு மெயிலுக்காகத்தான்.

கூட வேலை பார்க்கும் ரேகாவின் ஜிமெயிலிலிருந்து அனுப்பிப் பார்த்தேன். பதிவு செய்த முகவரியிலிருந்து மட்டுமே எழுதவும் என்று ஓர் இயந்திரம் பதில் போட்டது. போன் செய்தால் அங்கேயும் இயந்திரம்தான். நான் பதிவு செய்திருந்த மெயில் முகவரி எங்கள் கீரப்பாளையம் வீட்டு நெட் கனெக்‌ஷனோடு இலவசமாக வந்தது. கம்பெனி பெயர் வெள்ளாறு நெட். இலவசம் என்றால் நமக்குக் கண் தெரியாதே!

அந்த வெள்ளாறு நெட் மூன்று நாளாகப் படுத்துக் கிடந்தது. வாய்க்கால் தூர் வாரிய ஜேசிபி கேபிளை அறுத்துவிட்டதாம். போன் டேட்டாவை வைத்துத்தான் நான் மெயிலே அனுப்பினேன். கம்பெனிக்குப் போன் போட்டால், "சிரமத்துக்கு வருந்துகிறோம்" என்று ஒரு பெண் குரல் பாட்டோடு வருந்திக்கொண்டேயிருந்தது. அவர்களுடைய வருத்தத்தை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய? பர்மிஷன் சொல்லிவிட்டுக் கடலூருக்குப் பஸ் ஏறினேன். மெயில் போகவில்லை என்று மட்டும் தம்பி சேரனுக்குப் போனில் சொன்னேன். "நீ போக்கா, நான் பின்னாலயே வண்டில வரேன்" என்றான்.

செம்மங்குப்பத்தில் கெமிக்கல் லாரிகளுக்குப் பின்னால் பஸ் நின்றது. ஜன்னலோரம் இருந்தவர்கள் மூக்கைப் பொத்தினார்கள். எனக்கு நாற்றமே தெரியவில்லை, போனில் நேரத்தை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன். இயேசுவே, இந்த ஒரு தரம், என்று வாய்விட்டுச் சொன்னதைக் கேட்டுப் பக்கத்து சீட்டு அம்மா திரும்பிப் பார்த்தார்.

கம்பெனி ஆபீசில் ராஜவேல் என்பவர்தான் பொறுப்பு. சட்டை முழுக்க வேர்வை. இரண்டு போன்களிலும் ஜனங்கள் அவரைத் திட்டிக்கொண்டிருந்தார்கள். என் முறைக்குக் காத்திருக்காமல் போனை அவர் முகத்துக்கு நேரே நீட்டினேன்.

படித்துவிட்டு நாற்காலியில் சாய்ந்தார். "மேடம், உங்க மேல தப்பில்ல. நெட்டு கட்டாச்சின்னா அரமணிக்கு ஒருக்கா எல்லாருக்கும் தானா ஒரு மன்னிப்பு மெயில் போவும். எங்க முதலாளி வெச்ச ஏற்பாடு. மூணு நாளா போயிட்டே இருக்குதா, கடுப்புல நெறைய பேரு அத ஸ்பேம்னு அமுத்திட்டாங்க. இப்ப எங்க சர்வர்லேந்து யாரு மெயில் போட்டாலும் வெளிய எடுத்துக்க மாட்றாங்க."

"அத நிறுத்தித் தொலைக்கறதுதானே?"

"காலைலயே நிறுத்திட்டேன். தடைய எடுக்கச் சொல்லி எழுதியும் போட்டாச்சு. அவுங்க எடுக்க ரெண்டு நாளாவும்ங்கறாங்க."

"எனக்கு அஞ்சு மணி வரைக்கும்தான் சார் டைம்!"

அழக் கூடாது என்றுதான் இருந்தேன், அழுதுவிட்டேன். அவர் எழுந்து எனக்கு நாற்காலி போட்டார். "அமுத்துனவங்களே திருப்பி ஸ்பேம் இல்லன்னு போட்டா ஒருவேள சீக்கிரம் எடுப்பாங்க. ஆனா யாரு அமுத்துனாங்கன்னு எங்களுக்குத் தெரியாதே மேடம்" என்றார்.

அப்போதுதான் சேரன் வந்தான். ஹெல்மெட்டைக் கூடக் கழற்றவில்லை. நேரே வந்து மேசையில் ஓங்கி அடித்தான்.

"யோவ், எங்க அக்கா வாழ்க்கைல வெளையாடறீங்களா? நேத்தே உங்களுக்கு ஆப்பு வெச்சிட்டேன். காலனி குரூப்புல சொல்லி ஒரு வீடு விடாம உங்க மெயில ஸ்பேம்ல போட வெச்சேன். கீரப்பாளையம், குமராட்சி, சொந்தக்காரன் வீடு ஒண்ணு பாக்கியில்ல. தெரிதா?"

ராஜவேல் என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். அவனை அறைய வேண்டும் போலிருந்தது. நேற்று நெட் இல்லாமல் நான் தவித்ததைப் பார்த்துப் பொறுக்காமல்தான் செய்திருக்கிறான், அதுவும் தெரிந்தது. ராஜவேல் கோபப்படாமல், என்னிடம் சொன்னதையெல்லாம் அவனுக்கும் ஒரு தரம் சொன்னார். சேரன் மெல்ல ஹெல்மெட்டைக் கழற்றினான். முகத்தில் ரத்தமே இல்லை.

குரூப்பில் மெசேஜ் அடித்துப் பார்த்தான், யாரும் பார்க்கவில்லை. பிறகு ஒவ்வொருவராகப் போனில் கூப்பிட்டான். "மச்சான், ஒரு ஒதவி", "சித்தி, உன் கால்ல வுழறேன்" என்று கெஞ்சினான். பாதிப் பேர் வயலில், பாதிப் பேருக்கு எந்த மெயில் என்றே நினைவில்லை. ராஜவேலும் பக்கத்தில் நின்று, எங்கே அமுக்க வேண்டும் என்று ஒவ்வொருவருக்கும் சொல்லிக்கொடுத்தார். நடுநடுவே நான் என் மெயிலைத் திரும்பத் திரும்ப அனுப்பினேன். ஒவ்வொரு தரமும் அதே நாலு வரி வந்தது.

சுவர்க் கடிகாரத்தில் ஐந்து ஆனதை மூவரும் பார்த்தோம். சேரன் மட்டும் நிறுத்தாமல் சடையப்பன் மாமாவைக் கூப்பிட்டு, ஸ்பீக்கரில் போட்டான்.

"மாமா, அந்த ஸ்பேம எடுத்துவுடு மாமா."

"இன்னாடா இது, நீதானே போடச் சொன்ன? நம்ம ஜெயராணிக்கு நெட்டு இல்லாம பண்ணவனுங்கள உட்றக் கூடாதுன்னு தெருவே உக்காந்து போட்டோம்டா. நான் மூணு போன்லேந்து போட்டேன்." மாமா பெருமையாகச் சிரித்தார். "சரி, புள்ளைக்கு ஜெர்மனி ஆச்சா?"

சேரன் போனை என் கையில் கொடுத்துவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டான். மாமா இரண்டு தரம் ஹலோ என்றார். ஒரு தெருவே எனக்காக வரிந்து கட்டிக்கொண்டு செய்த காரியம், யாரைத் திட்டுவேன்?

"நான்தான் மாமா பேசறேன்" என்றேன்.