கோட்டில் நின்ற தண்ணீர்

பிணத்தின் கால் கட்டைவிரல்களைச் சேர்த்துக் கட்டிக்கொண்டிருந்த சித்தம்மாவின் முந்தானையை இழுத்து, பாப்பாயி மூன்றாவது தடவையாகக் கேட்டாள்.

"ஏனக்கா, தோணியில தண்ணி எத்தனை நிக்குதுன்னு பாத்தியா?"

சித்தம்மா முடிச்சை நழுவவிட்டாள். அடுத்த வீட்டுக் கன்னடக்காரி. இருபது வருஷம் பாப்பாயியோடு சண்டை போட்டே தமிழ் கற்றவள்.

"அய்யோ சிவனே! புருஷன் போயி ஒரு ஜாமம் ஆகல்ல. தண்ணியக் கேக்கறாளே இவ!"

துக்கம் கேட்க வந்த இடத்தில் இப்படியொன்று கிடைத்தால் யார் சும்மா இருப்பார்கள்? பாப்பாயி தண்ணியைக் கேட்டாள் என்று வாசலில் கிளம்பிய பேச்சு, புளியமரத்தடிக்குப் போவதற்குள் அவள் ஆற்றில் விழப் பார்த்தாள் என்றாகி, நாலு பேர் இடுப்பில் துண்டைக் கட்டிக்கொண்டு தயாராக நின்றார்கள்.

பாப்பாயியின் புருஷன் தொட்டையன் நஞ்சன்கூட்டுக்குக் கீழே கபினித் துறையில் தோணிகளுக்கு ஒழுக்கு அடைப்பவர். பலகை இடுக்குகளில் பஞ்சுத் திரியைத் திணித்து, எண்ணெயில் காய்ச்சிய குங்கிலியத்தைச் சூடாகப் பூசினால் ஒரு மழைக்காலம் தாங்கும். அதெல்லாம் அவர் கை நேராக இருந்தபோது. தை மாதத்திலிருந்து கை நடுக்கம். திணிப்பதும் பூசுவதும் பாப்பாயி. திரியை அடித்து இறுக்கும் கொட்டாப்புளியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பது அவர். யாராவது வந்தால் இரண்டு தட்டுத் தட்டுவார். இது ஊருக்குத் தெரியாது என்று புருஷனும் பெண்டாட்டியும் நம்பிக்கொண்டிருந்தார்கள்.

போன வருஷம் நடு ஆற்றில் தோணிக்குள் தண்ணீர் ஏறி வெல்ல மூட்டைகள் கரைந்துபோனதிலிருந்து, துறையைக் குத்தகைக்கு எடுத்த மல்லப்பனுக்கு அவர்மேல் சந்தேகம். அதனால் இந்தத் தடவை வாசலில் இரண்டு கட்டைமேல் தோணியை ஏற்றி, உள்ளே கரிக்கோடு கிழித்து, கோடுவரைக்கும் தண்ணீர் நிரப்பியாயிற்று. "விடிஞ்சு மல்லப்பன் வர்றப்ப தண்ணி கோட்டுல நிக்கோணும். நின்னுச்சுன்னா அவன் வாயி அடஞ்சு போகும்" என்று சொல்லிவிட்டுப் படுத்தவர், விடிந்தபோது எழுந்திருக்கவில்லை.

பாப்பாயி அலறிக்கொண்டு ஓடினாள். ஓடும்போதும் திரும்பும்போதும் தோணியைத் தாண்டித்தான் போனாள். ஒரு தடவைகூட உள்ளே எட்டிப் பார்க்கவில்லை. இப்போது பிணத்தின் பக்கத்தை விட்டு எழுந்திருக்க முடியாது. ஏழு பெண்கள் அவளைத் தோளோடு தோள் அணைத்துக் கட்டிப்பிடித்திருந்தார்கள்.

வெளியிலிருந்து தண்ணீர் சத்தம் மட்டும் கேட்டது. பிணத்தைத் தொட்டவர்கள் தலையில் தண்ணீர் விட்டுக்கொண்டுதான் வீட்டுக்குப் போக வேண்டும். ஆற்றுக்கு இறங்கினால் முழங்கால் சேறு. வாசலிலேயே தோணி நிறையத் தண்ணீர் இருக்க, அவ்வளவு தூரம் இறங்க யாருக்குத் தலையெழுத்து? வந்தவர்கள் எல்லாரும் செம்பை விட்டு மொண்டு ஊற்றிக்கொண்டார்கள். மைசூரிலிருந்து ரயிலில் வந்த சம்பந்தி ஒருவர் வேட்டியைக்கூட அலசிக்கொண்டார்.

மல்லப்பன் வந்தான். மாலையைப் போட்டு, நிற்க வேண்டிய அளவுக்கு நின்றுவிட்டு, நேராகத் தோணிக்குப் போனான். தண்ணீர் கோட்டுக்கு ஒரு முழம் கீழே கிடந்தது. குனிந்து அடியைப் பார்த்தான். தரையெல்லாம் சேறு, ஒழுகியதா, குளித்ததா என்று யார் சொல்வது?

"காலையில எஷ்டு இருந்துது?" என்றான்.

"நான் வர்றப்ப ரொம்பி இருந்துச்சுங்க" என்றான் தொட்டையனின் தம்பி கெம்பையன்.

"எங்க ரொம்பி இருந்துச்சு? அப்பவே நாலு வெரல் கீழ" என்றார் பக்கத்தில் நின்ற லிங்கப்பன். அவர் வந்ததே பத்து மணிக்கு மேல்.

"நான் மொண்டது ஒரே ஒரு செம்புங்க" என்றார் சம்பந்தி, யாரும் கேட்காமலே.

மல்லப்பன் தலையை ஆட்டினான். "பாவம், தொட்டையனுக்குக் கை போயிடுச்சு. தப்பு அவன்மேல இல்ல, வயசு. ஸ்ரீரங்கபட்டணத்துல ஒருத்தன் இருக்கான், நாளான்னிக்கு வரச் சொல்றேன்."

அது உள்ளே கேட்டது. எந்தக் கை? தோணியின் மூக்கிலிருந்து வால்வரைக்கும் திரி திணித்தது தன் கை. அது ஒழுகியிருந்தால், அந்தப் பழி குழிக்குள் போகிறவரின் பெயரோடு போகும். அடச்சது நான்தான் என்று வாயைத் திறந்தால், இத்தனை நாள் அவர் தட்டிய தட்டெல்லாம் பொய்யாகும். பாப்பாயி அப்போதுதான் வாய்விட்டு அழுதாள். அப்பாடா என்று அந்த ஏழு பெண்களும் பிடியைத் தளர்த்தினார்கள்.

ஆண்கள் பிணத்தை எடுத்துக்கொண்டு போனதும் அவள் சித்தம்மாவின் காதில் சொன்னாள். "அக்கா, தோணிய மறுபடி ரொப்போணும்."

"யாக்கே?"

"கேக்காதக்கா."

கேட்காமல் இருப்பது சித்தம்மாவுக்குப் பிறவியிலேயே வராத காரியம். ஆனாலும் வாசலுக்குப் போய்த் தொண்டையைக் கனைத்தாள். "கேளுங்கம்மா! இவங்க ஹனூருப் பக்கத்துப் பத்ததி இது. தோணிக்காரன் செத்தா, தலைக்கு ஊத்திக்கிட்டவங்க எல்லாம் ஆத்துலேந்து ஆளுக்கு ஒரு கொடம் கொண்டாந்து அவன் தோணிய ரொப்பணும். இல்லைன்னா ஆத்மா தாகத்தோட அலையும்."

ஹனூர்க்காரனான கெம்பையன் இடுகாட்டிலிருந்து திரும்பி வந்து இதைக் கேட்டு விழித்தான். பிறகு, நமக்குத் தெரியாத சாங்கியம் எத்தனையோ என்று அவனும் ஒரு குடம் தூக்கினான். சம்பந்தி இரண்டு குடம் ஊற்றினார். பொழுது சாய்வதற்குள் தண்ணீர் கோட்டைத் தொட்டது.

விளக்கு வைக்க எல்லாரும் கலைந்ததும், பாப்பாயி அடுப்புச் சாம்பலைச் சலித்து எடுத்துவந்து, பலகை இடுக்குகளின்மேல் வெளிப்பக்கமாகத் தடவினாள். கசிவிருந்தால் சாம்பல் கறுக்கும். அடிப்பலகை வெளுப்பாகவே இருந்தது. மூக்குப் பக்கமும் வெளுப்பு. வால் பக்கமும்.

கறுத்தது ஒரு சாண் இடம் மட்டும். கோட்டுக்கு நாலு விரல் கீழே.

முந்தாநாள், "கொண்டா, இதையாச்சும் நான் வெக்கறேன்" என்று திரியைப் பிடுங்கி அவர் வைத்த இடம் அது. அவர் கை ஆடுவதைப் பார்க்கக் கூடாதென்று அவள் ஆற்றைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

அந்த இடம் வெளியே தெரியும்வரை தண்ணீரை மொண்டாள். துடைத்தாள். சட்டியில் கனலை வைத்து ஈரம் போகக் காட்டினாள். பழைய திரி, பிடியே இல்லாமல், தொட்டதும் கையோடு வந்தது. அதை எங்கே போடுவதென்று தெரியாமல் கொஞ்ச நேரம் வைத்துக்கொண்டு நின்றாள். பிறகு புதுத் திரி, குங்கிலியம். அது இறுகியதும் வெளிப்பக்கத்துச் சாம்பலைத் துடைத்துவிட்டு, மொண்ட தண்ணீரைக் கோடுவரைக்கும் திருப்பி ஊற்றினாள்.

மறுநாள் காலை பால் தெளிக்கிற சடங்குக்கு வந்த மல்லப்பன் தோணிக்குள் எட்டிப் பார்த்தான். தண்ணீர் கோட்டிலேயே நின்றது. அடியில் கையை விட்டுத் தடவி, காய்ந்த உள்ளங்கையை எல்லாருக்கும் காட்டினான்.

"என்னா கையப்பா அது! போற வரைக்கும் நடுங்காத கை. நான்தான் தப்பாப் பேசிட்டேன்."

"எங்கண்ணன்னா சும்மாவா?" என்றான் கெம்பையன்.

உள்ளே வளையல் கழற்றுவதற்காகப் பாப்பாயியை உட்கார வைத்திருந்தார்கள். தானும் தாலி அறுத்தவளான சித்தம்மா அவள் வலது கையை எடுத்து மடியில் வைத்தாள். விரல் நுனிகளிலும் நகக்கண்களிலும் புதுக் குங்கிலியம் பழுப்பாக ஒட்டியிருந்தது. கட்டைவிரலில் கொப்புளம்.

சித்தம்மா வாயைத் திறந்தாள். சுற்றியிருந்தவர்கள் காதைத் தீட்டிக்கொண்டு முன்னால் நகர்ந்தார்கள்.

"கொஞ்சம் எண்ணெ கொண்டாங்கம்மா" என்றாள். "வளையல் எறங்கமாட்டேங்குது."

எண்ணெய் வந்தது. அதை உள்ளங்கையில் விட்டுக்கொண்டு, மணிக்கட்டைத் தொடாமல், அவள் பாப்பாயியின் விரல்களை ஒவ்வொன்றாகத் தேய்க்கத் தொடங்கினாள்.