நாலு விரல்

புருஷனின் வலது கையை மடியில் வைத்து மணலைக் கழுவிக்கொண்டிருந்தவள் சட்டென்று நிறுத்தினாள். நாலு விரலும் ஒரே கோட்டில் உடைந்திருந்தன.

எதிரே அவள் தம்பி. விடியற்காலையில் அவனை உயிரோடும் புருஷனைப் பிணமாகவும் கொண்டுவந்து சேர்த்திருந்தார்கள். அப்போதிருந்து போர்வைக்குள் சுருண்டபடி பேசிக்கொண்டே இருக்கிறான். துறைமுகத்தில் அவனுக்குப் பெயரே கதைக்காரன். அவன் வாயில் விழுந்தால் கடலுக்குக் கைகால் முளைத்துவிடும்.

"நேத்து கடலுக்கு வெறி பிடிச்சிருந்துச்சுக்கா. படகக் கவுத்துப் போட்டுச்சு. நானும் மாமாவும் ஐஸ் பெட்டியப் பிடிச்சு மிதந்தோம். அலை வாயத் தொறந்து அவர் கையக் கடிச்சு இழுத்துட்டுப் போயிடுச்சு."

"கடிச்சுதா?"

"ஆமாக்கா."

மீன் கம்பெனியில் பன்னிரண்டு வருஷமாக மீன் வெட்டுகிறவளிடம் இதைச் சொல்கிறான். கடித்தது எப்படி இருக்கும், கட்டையால் அடித்தது எப்படி இருக்கும் என்று அவளுக்கா தெரியாது?

"கடலுக்கு ஏதுடா பல்லு? நேராச் சொல்லு."

அவன் தரையைப் பார்த்தான்.

"பெட்டி ரெண்டு பேரத் தாங்கல. மாமா கைய விடல. துடுப்பால அடிச்சேன்."

"எத்தன தடவ?"

"மூணு."

கதவுக்கு முட்டுக் கொடுத்திருந்த இரும்புத் துண்டை அவள் உருவினாள். கதவு தானாகச் சாத்திக்கொண்டது. போர்வையை விலக்கி, அவன் வலது கையை இழுத்துத் தரையில் அழுத்தி, ஓங்கி அடித்தாள். எலும்பு முறிந்த சத்தம் இருவருக்கும் கேட்டது. அவன் கத்தவில்லை. இரண்டாவது அடிக்கு விரல்களை அவனே விரித்து வைத்தான்.

மூன்றாவதற்கு ஓங்கியபோது வாசலில் பேச்சுச் சத்தம். படகுக்காரர்கள் எல்லோரும் அங்கேதான் நிற்கிறார்கள். அவள் ஒரு வார்த்தை சொன்னால் போதும், இவனை அங்கேயே அடித்துக் கொன்றுவிடுவார்கள். அவள் இரும்பை மெல்லக் கீழே வைத்தாள்.

கதவைத் தள்ளிக்கொண்டு அம்மா வந்தாள்.

"ஐயோ, என்னடா கையெல்லாம் ரத்தம்?"

கதைக்காரன் அக்காவைப் பார்த்தான்.

"கடல்ல அடிபட்டதும்மா," என்றாள் அவள். "போர்வைக்குள்ள மறைச்சு வச்சிருந்தான்."

அம்மா மகனின் கையைப் பார்த்தாள். பிறகு மருமகனின் கையைப் பார்த்தாள்.

"பாழாப்போன கடலு," என்று அழுதாள். "ரெண்டு பேரையும் ஒரே மாதிரி கடிச்சு வச்சிருக்கே."

அக்கா ஒரு துண்டை எடுத்து இரண்டாகக் கிழித்தாள். ஒரு பாதியைப் புருஷனின் விரல்களில் இறுக்காமல் சுற்றினாள். மறு பாதியைத் தம்பி பக்கம் எறிந்தாள்.