நடுவில் நிற்காத சக்கரம்

என் வீட்டுக்காரர் கதவு செய்யற தச்சர். நிலையில நூல் அளவு கோணல் இருந்தாலும் அவருக்குச் சோறு இறங்காது. அப்படிப்பட்ட மனுஷன் மோட்டார் சைக்கிளோட பின்சக்கரத்தைக் கழட்டி நடு ஹால்ல பிரிச்சுப் போட்டா வீடு வீடாவா இருக்கும்? எங்க பார்த்தாலும் கம்பி. கால் வைக்க இடமில்ல.

விஷயம் இதுதான். எங்க மகளுக்கு வெளியூர்ல மாட்டு டாக்டர்கிட்ட உதவியாளர் வேலை கிடைச்சிருக்கு. பண்ணை பண்ணையாப் போகணும், வண்டி இல்லாம ஆகாது. இவர் தன் வண்டியையே தூக்கிக் கொடுத்துட்டார். திங்கட்கிழமை காலையில அவ அதுலயே கிளம்பறதாப் பேச்சு. கொடுத்த பிறகுதான் பார்க்கறார், பின்சக்கரத்துல கம்பி உடைஞ்சிருக்கு, ரிம் துரு ஏறிக் கிடக்கு.

"கடையில கொடுங்க, சாயந்திரத்துக்குள்ள கட்டிக் கொடுத்துடுவாங்க"ன்னேன்.

"எவனோ கட்டின சக்கரத்துலயா என் பொண்ணு போகணும்?"

"அவனுக்கு அதுதான் பொழப்பு. உங்களுக்கு?"

"எனக்கும் ரெண்டு கை இருக்கு."

கை இருக்கு, யார் இல்லைன்னா? நான் தையல்காரி. ஒரு பழைய சட்டையைப் பிரிக்கணும்னாலும் முதல்ல அளவு எடுத்து வெச்சுட்டுத்தான் கத்தரியைத் தொடுவேன். இவர் அன்னைக்கே மளமளன்னு எல்லாக் கம்பியையும் கழட்டிட்டார். புது ரிம், புதுக் கம்பி வாங்கிட்டு வந்து உட்கார்ந்தவர்தான். ஒண்ணு மாட்டுவார், ரெண்டு கழட்டுவார். நான் மிஷின்ல உட்காருவேன், எழுந்து போய்ப் பார்ப்பேன், திரும்ப உட்காருவேன். ஒரு கஸ்டமரோட சட்டைக்கு ரெண்டு கையும் இடது கையாவே தைச்சு வெச்சேன். மகள் விழுந்து விழுந்து சிரிச்சா. எனக்குச் சிரிப்பு வரல.

ஞாயித்துக்கிழமை மத்தியானம் சக்கரம் முடிஞ்சுது. ரிம்முக்குப் பக்கத்துல ஒரு ஆணியை நிறுத்தி வெச்சுச் சுத்தி விட்டார். ஆணிக்கும் ரிம்முக்கும் நடுவுல இருந்த இடைவெளி கூடவும் இல்ல, குறையவும் இல்ல. சும்மா சொல்லக் கூடாது, பார்க்கவே அழகா இருந்துச்சு. "எப்படி?"ன்னு புருவத்தைத் தூக்கினார். "பார்க்கலாம், வண்டியில மாட்டுங்க"ன்னேன்.

மாட்டினார். சரக், சரக்னு டயர் செயின் பக்கம் உரசுது.

மனுஷன் முகத்துல ஈயாடல. மகள் சக்கரம் கட்டற கடைக்காரருக்குப் போன் போட்டு, எல்லாருக்கும் கேட்கற மாதிரி வெச்சா. அவர் கேட்ட முதல் கேள்வியே, "ரிம்மை ஹப்புக்கு, அதான் நடு உருளைக்கு, நட்டநடுவுல வெச்சுக் கட்டிட்டீங்களா?"

"நடுவுலதான். நூல் பிசகல"ன்னார் இவர், பெருமையா.

"அதான் தப்பு. இந்த வண்டியில செயினுக்கு இடம் விட்டு ரிம் ஒரு பக்கமா ஒதுங்கி நிக்கணும். பிரிக்கறதுக்கு முன்னாடி எவ்வளவு ஒதுங்கியிருந்துச்சுன்னு அளந்தீங்களா?"

நான் வாயைத் திறக்கல. சத்தியமா திறக்கல. அவரே என் பக்கம் பார்த்துட்டு, "நீ ஒண்ணும் சொல்லாதே"ன்னார்.

"கொண்டு வாங்க, கடை திறந்துதான் இருக்கு"ன்னார் கடைக்காரர். "வேண்டாம்"னு சொல்லிப் போனை வெச்சுட்டார் இவர். வீம்பு! அப்புறம் தச்சு வேலைக்கு வெச்சிருந்த நூலை முன்சக்கரத்துல இருந்து பின்சக்கரம் வரைக்கும் இழுத்துக் கட்டி நேர் பார்த்து, செயின் பக்கத்துக் கம்பிகளைத் தளர்த்தி, மறுபக்கத்தை இறுக்கி, இருட்டறதுக்குள்ள ரிம்மை ஒதுக்கிட்டார். சத்தம் நின்னுடுச்சு. சக்கரம் நேராவும் சுத்துச்சு.

"அப்பா கட்டின சக்கரம். கண்ணை மூடிக்கிட்டு ஓட்டுவேன்"னு மகள் அவர் தோளைத் தட்டினா. அந்த வார்த்தையைக் கேட்டதும் அவர் முகம் ஒரு மாதிரி ஆயிடுச்சு.

காலையில நான் எழுந்து வர்றதுக்கு முன்னாடியே வாசல்ல டிங், டிங்னு சத்தம். ஸ்க்ரூடிரைவரால கம்பி கம்பியாத் தட்டி இறுக்கம் பார்த்துக்கிட்டிருக்கார். மகள் ஹெல்மெட்டைக் கையில வெச்சுக்கிட்டு நிக்கறா. சாவி அவர் சட்டைப் பையில.

"ஒரே ஒரு ரவுண்டு பார்த்துட்டு வந்துடறேம்மா."

"நேத்தே பார்த்தீங்களேப்பா?"

"பாரம் ஏத்திப் பார்க்கல."

"பாரம்தானே, இந்தா இருக்கேன்"னு நான் ஏறி உட்கார்ந்தேன். சீக்கிரம் முடிஞ்சாப் போதும்னு இருந்துச்சு.

ஊர் உலகத்துல எல்லாரும் குழியை ஒதுக்கி வண்டி ஓட்டுவாங்க. இவர் குழியைத் தேடித் தேடி இறக்கினார். என் முதுகெலும்பு தனித்தனியாக் கழண்டுடும் போல இருந்துச்சு. நிறுத்துவார், குனிவார், கம்பியைத் தட்டுவார், "இன்னொரு ரவுண்டு"ம்பார். மார்க்கெட் தாண்டியாச்சு, பெட்ரோல் பங்க் தாண்டியாச்சு. அதுக்கு மேல என்னால முடியல.

"சக்கரம் கல்லு மாதிரி இருக்கு! ஆடறது நீங்கதான்!"னு நடுரோட்டுல கத்திட்டேன்.

அவர் வண்டியை ஓரங்கட்டினார். அப்பதான் அவருக்குப் போன் வந்துச்சு; பின்னால இருந்த எனக்கும் குரல் கேட்டுச்சு. மகள்.

"பஸ் ஏறிட்டேன்பா. முதல் நாளே லேட்டாப் போக முடியாது." கோபமாப் பேசியிருந்தாக் கூடத் தேவலை, ரொம்ப அமைதியாப் பேசினா. "நான் உங்களை நம்பித்தான்பா நின்னேன். உங்களுக்கே நம்பிக்கை இல்லன்னா நேத்தே சொல்லியிருக்கலாம்ல? நானே கடையில கொடுத்திருப்பேன்."

அவர் போனைக் காதுல வெச்சபடியே நின்னார். அவ வெச்சு ரொம்ப நேரம் ஆச்சு. அப்புறம் மெதுவா, "நல்லவேளை, பஸ்ல போனா"ன்னார்.

எனக்கு எங்கிருந்துதான் அப்படி ஒரு ஆத்திரம் வந்துச்சோ! வீட்டையே கம்பிக்காடா ஆக்கி, ஆசை காட்டி, பெத்த பொண்ணைப் பஸ்ஸுக்கு ஓட விட்டுட்டு, நல்லவேளையாம்! நாக்கைப் பிடுங்கிக்கற மாதிரி நாலு வார்த்தை கேட்கணும்னு வாயைத் திறந்தேன். வரல. ஏன்னா, அவ பஸ் ஏறிட்டேன்னு சொன்ன அந்த நிமிஷம் எனக்கும் வயித்துல பால் வார்த்த மாதிரி இருந்துச்சு. அதை நினைச்சா என் மேலயே எனக்கு வெறுப்பா வந்துச்சு.

அவர் வண்டியைத் திருப்பினார். வீட்டுப் பக்கம் இல்ல.

"எங்க போறீங்க?"

"கடைக்கு. கடைக்காரர் பார்த்துச் சரின்னு சொன்னா, இப்படியே ஓட்டிட்டுப் போய் அவகிட்ட விட்டுட்டு வரேன்."

"சரியில்ல, பிரிச்சுக் கட்டணும்னு சொன்னா?"

வண்டியை மெதுவாக்கினார்.

"பிரிச்சு அவரே கட்டட்டும்"ன்னார். "அவ பயப்படல. நான்தானே பயந்தேன்?"