சீட்டில் மூன்று பேர்

ஒரு வீட்டை விட்டுப் போவதென்றால் சட்டி பானையை மூட்டை கட்டலாம், பாயைச் சுருட்டலாம், அக்கம்பக்கத்துப் பெண்களைக் கட்டிப்பிடித்து நாலு சொட்டுக் கண்ணீர் விடலாம். செல்லாயிக்கு அதில் ஒன்றுக்கும் கொடுப்பினை இல்லை. வேலைக்குப் போகிறவள் மாதிரி வெறுங்கையோடு போக வேண்டும். போன பிறகும் வீடு, சாயங்காலம் ஆள் திரும்பி வரப்போகிற வீடாகவே தெரிய வேண்டும். இதைவிடப் பாடாவதிப் புறப்பாடு உலகத்தில் உண்டா, நீங்களே சொல்லுங்கள்.

ஜப்பான்காரன் மலாயாவுக்கு வந்து இரண்டாவது வருசம். லூனாஸ் ஊருக்கு உள்ளே தள்ளியிருந்த அந்த ரப்பர் தோட்டத்தில் பால்வெட்டு நின்றுபோய், பள்ளக்காட்டில் மரவள்ளி போட்டுக்கொண்டிருந்தார்கள். போன மாதம் ஒரு லாரி வந்து, சயாமில் ரயில் பாதை போடுவதற்கென்று பன்னிரண்டு ஆண்களை ஏற்றிக்கொண்டு போனது. போனவர்களிடமிருந்து ஒரு துண்டுக் காகிதம்கூட வரவில்லை. அடுத்த லாரி வியாழக்கிழமை வருகிறது. அந்தப் பட்டியலில் செல்லாயியின் புருசன் பக்கிரிசாமி பெயரும் இருந்தது. குளிர்காய்ச்சலில் ஒரு மாதம் படுத்துக் கிடந்து, இப்போதுதான் எழுந்து நடக்கிற மனுசன். சயாம் போனால் அவன் பிழைக்கமாட்டான் என்று செல்லாயிக்குத் தெரியும். அவளுக்கு வேறு யாரும் இல்லை.

வழி காட்டினவர் அபூபக்கர் நானா. லூனாசில் மளிகைக் கடை வைத்திருந்தவர். சரக்கு இல்லாமல் கடையை மூடிவிட்டு, தோளில் உப்பு மூட்டையைத் தூக்கிக்கொண்டு ஊர் ஊராக நடக்க ஆரம்பித்துவிட்டார். கோத்தா கோலா மூடாவில் கடல் தண்ணீரைக் காய்ச்சி எடுக்கிற உப்பை வாங்கி, உள்நாட்டு மலாய்க் கிராமங்களான கம்பங்களில் கொடுத்து அரிசியோ கிழங்கோ வாங்கிக்கொள்வார். இன்றைக்கு ஒரு கொட்டகை, நாளைக்கு ஒரு மரத்தடி. உப்பு தூக்க அவரோடு இரண்டு கூலிகள் போகலாம் என்று ஜப்பான்காரன் முத்திரை குத்திய ஒரு சீட்டு வைத்திருந்தார்.

"மூணு பேருக்குத்தான் சீட்டு. நானு, பொறவு ரெண்டு கூலி. நாலாவது தலைய ஜப்பான்காரன் பாத்தான்னா பாலத்துக் காவல்லயே வச்சு வெட்டிப்புடுவான்லா," என்று அவர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். "புதன்கெழம காலையில செம்மண் ரோட்டு மதகுகிட்ட நிப்பேன். வெயில் மரத்து உச்சிக்கு வர்றதுக்குள்ள வந்துருங்க. இல்லன்னா போய்க்கிட்டே இருப்பேன்."

முதலில் செல்லாயிக்குப் பயமாகத்தான் இருந்தது. லயத்து வீட்டில் பிறந்து, லயத்து வீட்டிலேயே வாழ்க்கைப்பட்டவள். கூரை இல்லாத பிழைப்பு அவளுக்குத் தெரியாது. ஆனால் நாலைந்து நாள் போகப் போக என்ன ஆச்சரியம், அவளுக்கு அந்தப் பிழைப்பின் மேல் ஆசையே வந்துவிட்டது. விடியுமுன் தண்டவாளத் துண்டைத் தட்டி எழுப்பமாட்டார்கள். பெரட்டில் வரிசையாக நிறுத்திப் பெயர் கூப்பிடமாட்டார்கள். நடந்துகொண்டே இருக்கிறவன் பெயரை எந்தப் பட்டியலில் எழுதுவது? அவள் ராத்திரி கண்ணை மூடினால் கடற்கரை வந்தது. அவள் கடலையே பார்த்ததில்லை.

செவ்வாய்க்கிழமை முழுக்க ஏற்பாடுதான். வறுத்த மரவள்ளிச் சீவலைத் தினமும் கஞ்சி கொண்டுபோகிற பழைய பால்வாளிக்குள் போட்டு மேலே கிழிசலை வைத்து மூடினாள். இருந்த இரண்டு சேலையில் ஒன்றின் மேல் ஒன்றைக் கட்டிக்கொள்வது என்று முடிவு செய்தாள். பக்கிரிசாமியின் பழைய சட்டையைத் துவைத்து, வேண்டுமென்றே வாசல் கொடியில் காயப்போட்டாள். கொடியில் துணி ஆடினால் வீட்டில் ஆள் உண்டு என்றுதானே அர்த்தம். கெட்டிக்காரிதான். ஆனால் கெட்டிக்காரிக்கும் ஒரு இடத்தில் கால் இடறும்.

பக்கத்து வீட்டு ராக்காயியின் முறம் அவளிடம் இருந்தது. வாங்கி ஒரு வருசம் இருக்கும். இன்னொருத்தி வீட்டுச் சாமானை வைத்துக்கொண்டு ஓடிப்போனாள் என்ற பேச்சு தனக்கு வரக்கூடாது என்று நினைத்தாள். ஓடிப்போகிறவளுக்கு இந்த மானம் மரியாதை எல்லாம் எதற்கு? சரி, கொடுத்தாளே, சும்மா கொடுத்தாளா? வாங்கின முறத்தை வெறுமையாகத் திருப்பித் தரக்கூடாதாம். வாசலில் இருந்த மிளகாய்ச் செடியை மளமளவென்று உருவி, முறம் நிறையப் போட்டு, பொழுது சாயுமுன் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்தாள். ராக்காயிக்கு நிறைமாத வயிறு. முறத்தை வாங்கி வைத்துக்கொண்டு, "என்னக்கா, இம்புட்டு?" என்று மட்டும் கேட்டாள்.

புதன்கிழமை கிழக்கு வெளுக்கிற நேரம். தண்டவாளம் இன்னும் அடிக்கவில்லை. செல்லாயி இரண்டாவது சேலையைச் சுற்றிக்கொண்டிருந்தபோது கதவைத் தள்ளிக்கொண்டு ராக்காயி உள்ளே வந்தாள். வந்தவள் நிலைப்படியை அடைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

"எங்கக்கா போறீங்க?"

"எங்க போறது, பள்ளக்காட்டுக்குத்தான். நீ ஏன் இந்த வயித்தோட..."

"பொய் சொல்லாதீங்க. பூவும் பிஞ்சுமா உருவிக் குடுத்துருக்கீங்க. நாளைக்கு இந்தச் செடியில கை வைக்கப் போறவ பிஞ்சப் பறிப்பாளா? ரெண்டு சேல வேற கட்டியிருக்கீங்க."

செல்லாயி மேல்சேலையை இழுத்து உள்சேலையை மறைத்தாள். உள்ளே மண்வெட்டிக்குப் பிடி தட்டிக்கொண்டிருந்த பக்கிரிசாமி அப்படியே நின்றுவிட்டான்.

"அண்ணன் ஓடிட்டா நாளைக்கு லாரியில யாரக்கா ஏத்துவாங்க? தலக்கணக்கு கொறயக்கூடாதே. அடுத்த வீட்டு ஆம்பளையத்தானே இழுப்பாங்க?" ராக்காயியின் குரல் உடைந்தது. "எம்புருசன் போயிட்டா இந்தப் புள்ளைய யாருகிட்ட காட்டுவேன்?"

இது செல்லாயிக்குத் தெரியாததா? நாலு நாளாகத் தெரியும். தெரிந்தும் அந்தப் பக்கம் நினைப்பைத் திருப்பாமல் வைத்திருந்தாள். இப்போது அது வயிற்றைத் தள்ளிக்கொண்டு வாசலில் வந்து உட்கார்ந்திருந்தது. வெட்கமும் கோபமும் ஒன்றாக வந்தன.

"அதுக்கு என்னை என்ன பண்ணச் சொல்றே? எம்புருசன சாகக் குடுக்கச் சொல்றியா?"

"எங்க வீட்டுக்காரரையும் கூட்டிட்டுப் போங்க. இல்லன்னா கங்காணி பேரக் கூப்பிடும்போது நான் கத்திருவேன். சத்தியமாக் கத்திருவேன்க்கா." சொல்லிவிட்டு முந்தானையை வாயில் திணித்துக்கொண்டு அழுதாள்.

தண்டவாளம் அடித்தது. டங், டங், டங். பெரட்டுக்குக் கால் மணி நேரம் இருந்தது.

ஒரு சீட்டு, மூன்று பேர். எப்படிப் புரட்டிப் பார்த்தாலும் மூன்று பேர்தான். செல்லாயி ராக்காயியைப் பார்த்தாள். அவளைக் கழுத்தைப் பிடித்து வெளியே தள்ளலாமா என்றுகூட ஒரு கணம் தோன்றியது. பிறகு வாளியை எடுத்துப் புருசன் கையில் கொடுத்தாள்.

"நீயும் இவ புருசன் கொழந்தவேலும் போங்க."

"உனக்கென்ன பைத்தியமா?" என்றான் பக்கிரிசாமி. "நீ இல்லாம நான் எங்க போறது?"

"பேசாத. நேரமில்ல. பொம்பளைங்க பேரு லாரிப் பட்டியல்ல இல்ல. நீங்க ரெண்டு பேரும் போயிட்டா அதுக்கு அடுத்த வீட்டுல இருக்கறது யாரு? கங்காணி மச்சான். தன் மச்சான ஏத்தறதுக்குப் பதிலா அந்தாளே ஏதாவது எழுதி மறைச்சுருவான், பாரு."

"உன்ன அடிப்பானே செல்லாயி."

"அடிப்பான். அரிசியையும் நிறுத்துவான். நிறுத்தட்டும். இவளுக்குப் புள்ள பொறந்து எழுந்து நடமாடட்டும். உப்புக்காரங்க போன வழியக் கேட்டுக் கேட்டு வந்துருவேன்." அவன் அவள் கையைப் பிடித்தான். காய்ச்சல்காரன் கை, எலும்பும் தோலுமாக இருந்தது. அந்தக் கையை விட அவளுக்கு மனசே வரவில்லை. ராக்காயி புருசனை எழுப்பிக் கூட்டிவர ஓடினாள்.

பெரட்டுக் களத்தில் பரஞ்சோதிக் கங்காணி பெயர் கூப்பிட்டார். "பக்கிரிசாமி!" "இருக்கேன்." "கொழந்தவேலு!" ராக்காயி செல்லாயியின் விரல்களை நெரித்தாள். "இருக்கேன்," என்றான் அவன், கிணற்றுக்குள்ளிருந்து பேசுகிறவன் மாதிரி. கங்காணி தலையைத் தூக்கி ஒரு பார்வை பார்த்துவிட்டு அடுத்த பெயருக்குப் போனார்.

ஆண்கள் மண்வெட்டியோடு இடப்பக்கப் பாதையில் இறங்கினார்கள். அந்தப் பாதையின் கடைசியில்தான் செம்மண் ரோடு. பெண்கள் கும்பல் வலப்பக்கம் போக நின்றது. குழந்தைவேலு தலையைக் குனிந்தபடி போய்க்கொண்டிருந்தான். பக்கிரிசாமி வளைவு வரைக்கும் போனான். அங்கே நின்றான். திரும்பிப் பார்த்தான்.

போகச் சொல்லி செல்லாயி கண்ணால் கெஞ்சினாள். அவன் போகவில்லை. வாளியைக் கீழே வைத்தான். இரண்டு எட்டு அவளைப் பார்த்தே திரும்பி வந்தான்.

கங்காணி பார்த்துவிட்டார். "என்னடா அவன், வேலைக்குப் போகாம அங்க நின்னு ஆடிக்கிட்டிருக்கான்?" கைத்தடியை எடுத்துக்கொண்டு அந்தப் பக்கம் நடக்கத் தொடங்கினார். கிட்டே போய் வாளிக்குள் பார்த்தால் முடிந்தது. கிழங்குச் சீவல் எதற்கு என்று கேட்டால் அவன் அங்கேயே அழுதுவிடுவான்.

செல்லாயி இடுப்பில் கையை வைத்துக்கொண்டு தொண்டை கிழியக் கத்தினாள்:

"ஏய்யா! என்னத்தப் பாத்துக்கிட்டு மரமாட்டம் நிக்கிறே? ஒரு மாசம் படுத்துத் தின்னது பத்தலையா? பொண்டாட்டி சம்பாத்தியத்துல உக்காந்து திங்கலாம்னு பாக்குறியா? வெக்கங்கெட்ட பொழப்பு! போய்யா! என் கண்ணு முன்னால நிக்காத, போ!"

பக்கிரிசாமியின் முகம் செத்துப்போனது. அவளையே ஒரு நிமிசம் பார்த்தான். குனிந்து வாளியை எடுத்தான். திரும்பினான். ரப்பர் மரங்களுக்குள் அவன் முதுகு இரண்டு முறை தெரிந்தது. பிறகு மரங்கள் மட்டும்தான்.

கங்காணி நடையை நிறுத்திவிட்டு வாய்விட்டுச் சிரித்தார்.

"அம்மாடி! உன் வாய்க்குப் பயந்தே அவன் ஒருநா ஓடிருவான் போல."

பெண்கள் எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். சிரிக்காமல் இருந்தால் யாராவது முகத்தைப் பார்ப்பார்கள் என்று செல்லாயியும் சிரித்தாள். மற்றவர்கள் நிறுத்திவிட்டு வேலைக்கு நடக்கத் தொடங்கிய பிறகும் அவளுக்குச் சிரிப்பை நிறுத்த முடியவில்லை. ராக்காயிதான் அவள் வாயைப் பொத்தி இழுத்துக்கொண்டு போனாள்.