இனிஷியல்

திரையில் இரண்டு குட்டிக் கம்ப்யூட்டர்கள் படமாக வந்தன. ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு ஒரு கோடு. 'யூசர்நேம், பாஸ்வேர்டு சரிபார்க்கப்படுகிறது' என்றது. கொஞ்ச நேரம் யோசிப்பதுபோல் பாவனை செய்தது. பிறகு வழக்கமான பெட்டி திறந்தது: பெயரோ பாஸ்வேர்டோ தப்பு, உள்ளே விடமுடியாது. எது தப்பு என்று மட்டும் சொல்லமாட்டான் மகராசன். இவ்வளவு படம் போட்டுக் காட்டுகிறவனுக்கு அதையும் ஒரு படமாகப் போட என்ன கேடு?

மந்தைவெளியில் அப்பா வீட்டுக்கு நான் வந்து ஒரு மாதம் ஆகியிருந்தது. வேலையும் ஹைதராபாத்தில், புருஷனும் ஹைதராபாத்தில். புருஷனை விட்டுவிட்டு வந்தேன், வேலையை விடவில்லை. மானேஜர் ஸ்ரீகிருஷ்ணா நல்ல மனிதர். "வி.பி.என். வழியா உள்ள வர முடிஞ்சா வீட்லேர்ந்தே பாருங்க சாருலதா. வெள்ளிக்கிழமைக்குள்ள முடியலேன்னா இங்க சீட்டுக்கு வந்துடணும், இல்லேன்னா ராஜினாமாதான்" என்றார். வி.பி.என். என்றால் இன்டர்நெட் வழியாக ஆபீஸ் நெட்வொர்க்குக்குள் நுழைய ஒரு தனி வாசல். முதலில் மோடம் கத்திக் கூப்பாடு போட்டு இன்டர்நெட்டைப் பிடிக்கவேண்டும். அப்புறம் அதன்மேல் இன்னொரு கனெக்‌ஷன்.

அப்பாவின் தீர்ப்பு வேறு இருந்தது. "வேலை இருக்கறவரைக்கும் நம்மாத்துல இரு. அதுவும் போச்சுன்னா எதுக்கு இங்க உக்காந்துண்டு? மாப்பிள்ளையாத்துக்குக் கிளம்பு" என்று பேப்பரிலிருந்து கண்ணை எடுக்காமல் சொல்லிவிட்டார். இன்று வெள்ளிக்கிழமை.

என் புருஷன் என்னை அடித்ததில்லை. குடித்ததில்லை. ஒரே வீட்டில் இருந்துகொண்டு என்னோடு பேசுவதை மட்டும் நிறுத்திவிட்டார். சண்டைகூட இல்லை. காபி டம்ளரை வைத்தால் எடுத்துக்கொள்வார். எனக்கும் மெள்ள மெள்ள மரத்துப்போயிற்று. பல் பிடுங்குமுன் ஊசி போட்ட கன்னம் மாதிரி, கிள்ளினாலும் தெரியாது. அம்மாவிடம் சொன்னேன். "பேசாட்டா என்னடி, நிம்மதின்னு இரேன்" என்றாள். நான் இங்கே வந்ததிலிருந்து தினமும் காலை பதினொரு மணிக்கு அவர் போன் பண்ணுவார், என்னோடு பேச அல்ல. அம்மாவிடம் "சாரு எப்ப வரா?" என்று கேட்பார். "வந்துடுவா மாப்பிள்ளை" என்பாள் அம்மா. வைத்துவிடுவார்.

அம்மா அப்படிச் சொன்னதற்கு அவளிடம் ஆதாரம் இருந்தது. நான் அவர் பேரைச் சொல்வதில்லை. அம்மாவும் அப்பா பேரைச் சொன்னதில்லை. ரேஷன் கடையில் கேட்டால் "மன்னார்குடிப் பெருமாள் பேரு" என்பாள். கடைக்காரர் முழிப்பார். வரிசையில் யாராவது "ராஜகோபாலன்யா" என்று எடுத்துக்கொடுக்கவேண்டும். அதே வழக்கம் எனக்கும் ஒட்டிக்கொண்டது. பக்தி ஒரு மண்ணும் இல்லை, நாக்கு பழகிவிட்டது, அவ்வளவுதான். ஆனால் அம்மா எதிர்வீட்டு மாமியிடம் தாழ்ந்த குரலில் சொல்லிக்கொண்டிருந்ததைக் கேட்டேன். "இன்னும் பேரைச் சொல்லலை மாமி. அந்தப் பயம் இருக்கு. மனசு விட்டுப்போகலை."

கனெக்‌ஷன் ஐகானை அழித்தேன். புதிதாகச் செய்தேன். நெக்ஸ்ட், நெக்ஸ்ட், ஃபினிஷ். சாரு என்று போட்டேன், ஆபீஸ் கம்ப்யூட்டரில் அதுதான் என் பேர். சாருலதா என்று போட்டேன். முன்னால் இனிஷியல் ஜே சேர்த்துப் பார்த்தேன். கல்யாணத்துக்கு முந்தைய இனிஷியல் ஆரையும் சேர்த்துப் பார்த்தேன். விடமாட்டேன் என்றது. யூசர்நேம் என்னவென்று எனக்கு மெயில் போயிருப்பதாக ஆபீஸில் சொன்னார்கள். அந்த மெயிலைப் படிக்க வி.பி.என். வேண்டும். சாவியைப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டிய புத்திசாலி யாரோ, அவன் நன்றாக இருக்கட்டும்.

மோடமும் போனும் ஒரே லைன். மோடமை நிறுத்திவிட்டு, ஹாலில் நின்றபடி ஹைதராபாத்துக்கு எஸ்.டி.டி. போட்டேன். கம்ப்யூட்டர் பிரிவில் வஜீஹா எடுத்தாள். திருவல்லிக்கேணிப் பெண், அங்கே போயும் அவள் பேச்சு மாறவில்லை.

"சாரு, லிஸ்ட்ல உன் பேரே இல்லப்பா. அமெரிக்காவுல லாஸ்ட் நேமை வெச்சுதான் எல்லாருக்கும் போட்டுக்கீறாங்க. உனக்கு ஜே-ன்னா இன்னா?"

வேலையில் சேரும்போது நிரப்பிய படிவம் ஞாபகம் வந்தது. லாஸ்ட் நேம் என்று ஒரு கட்டம். நமக்கு ஏது லாஸ்ட் நேம்? இனிஷியலை விரித்து எழுதினால் போதும் என்றார்கள். எழுதுவதில் எனக்குத் தடை இல்லை, எழுதினேன்.

"அது அவர் பேரு" என்றேன்.

"எவர் பேரு?"

"ஹஸ்பண்ட் பேரு."

"அதான், ஹஸ்பண்டுக்கு இன்னா பேரு?"

சமையலறையில் அம்மா புளி கரைத்துக்கொண்டிருந்தாள். பாத்திரச் சத்தம் நின்றது. ராமன் சண்டையில் என்ன ஆனான் என்று சுற்றி வளைக்கலாம். வஜீஹாவிடம் அந்த விடுகதை செல்லாது.

"ஜெயராம்" என்றேன்.

ஒன்றும் இடிந்து விழவில்லை.

"லைன் இரையுது. ஸ்பெல்லிங் சொல்லு."

"ஜே, ஏ, ஒய், ஏ, ஆர், ஏ, எம். ஜெயராம்."

"கீது! நான் அது யாரோ ஆம்பளைன்னு நினைச்சுக்கினு இருந்தேன். அது நீதான்!"

போனை வைத்துவிட்டு மறுபடி மோடமைக் கத்தவிட்டேன். பெட்டியில் அவர் பேரைத் தட்டினேன். இரண்டு குட்டிக் கம்ப்யூட்டர்களும் வந்தன, சரிபார்த்தன, ஆபீஸ் திறந்தது. இனி தினமும் காலையில் இந்தப் பேரைத் தட்டித்தான் நான் சம்பாதிக்கவேண்டும். கோபம் வந்திருக்கவேண்டும். வரவில்லை. முதல் மெயிலைத் திறந்தேன். 'உங்கள் யூசர்நேம்: ஜெயராம்' என்றிருந்தது.

அம்மா கையில் புளியோடு சமையலறை நிலைப்படியில் நின்றாள்.

"பேரைச் சொல்லிட்டியேடி."

"கேட்டா. சொன்னேன்."

"ஆபீஸுக்காகத்தானே?"

ஆமாம் என்றிருக்கலாம். பொய்யும் இல்லை. அம்மா அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் நின்றுகொண்டிருந்தாள்.

"அதுக்காக மட்டும் இல்லம்மா."

உள்ளே போய்விட்டாள். குழாய் வெகுநேரம் ஓடியது. நான் வேலையைத் தொடங்கினேன். ஹால் கடிகாரம் பதினொன்று அடித்தபோது அம்மா வந்து, தினமும் நிற்கிற மாதிரியே போன் பக்கத்தில் நின்றாள். போன் அடிக்கவில்லை. அதைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்.

"அந்த ஜெயராம் போன் பண்ணுவானே. என்ன சொல்லட்டும்?"

மாப்பிள்ளை என்று சொல்லவில்லை. பண்ணுவாரே என்றும் இல்லை. இத்தனை நாள் மரத்துப்போயிருந்த இடத்தில் எனக்கு அப்போதுதான் வலித்தது. கண்ணில் நீர் மறைத்தது. திரையிலிருந்து முகத்தைத் திருப்பாமல் சொன்னேன்.

"லைன் கிடைக்காதும்மா. நான் வேலையில இருக்கேன்."